நஞ்சுக்கு உரிமம் தந்தது யார்?

பூந்தமல்லியிலே நின்று மேற்கே பாருங்கள், தோழர்களே! பெங்களூருக்குப் போகும் அந்த நெடுஞ்சாலையிலே இரவென்றும் பகலென்றும் பாராமல் வண்டிகள் ஓடுகின்றன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலே நம் தோழர்கள் கடைந்தெடுத்த உதிரிப் பாகங்கள் போகின்றன. ஆவடியிலே ஏறி, நின்றுகொண்டே தூங்கும் தொழிலாளரைச் சுமந்த பேருந்துகள் போகின்றன. திருப்பெரும்புதூரைத் தாண்டினால் சுங்குவார்சத்திரம். 2024-ல் சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் அமைக்கும் உரிமைக்காக வாரக்கணக்கிலே வேலைநிறுத்தம் செய்து, உலகமே திரும்பிப் பார்த்ததே, அதே சுங்குவார்சத்திரம்!

அந்த ஊரிலே இன்னொரு தொழிற்கூடம் இருந்தது. அதைப் பார்க்க உலகம் திரும்பவில்லை. ஸ்ரீசன் பார்மா என்பது அதன் பெயர். 2011-ல் தமிழக அரசின் உரிமம் பெற்றது. குழந்தைகளுக்குச் சளியும் காய்ச்சலும் வந்தால் கொடுக்கும் 'கோல்ட்ரிஃப்' என்ற சிரப் அங்கே காய்ச்சப்பட்டது. காய்ச்சப்பட்டு, புட்டியிலே அடைக்கப்பட்டு, சீட்டு ஒட்டப்பட்டு, வடக்கே போயிற்று.

எங்கே போயிற்று? மத்தியப் பிரதேசத்திலே சிந்த்வாடா மாவட்டம். அதிலே பராசியா என்று ஓர் ஊர். நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த பகுதி. அங்கேயும் பாட்டாளிகள்தாம். அங்கேயும் பிள்ளைக்கு இருமல் வந்தால் மருத்துவரிடம் ஓடுகிறார்கள். அவர் எழுதித் தந்ததை, கூலிப் பணத்தை எண்ணிக் கொடுத்து வாங்குகிறார்கள். 2025 செப்டம்பரிலே அந்தக் குழந்தைகளுக்கு என்ன நேர்ந்தது? முதலில் வாந்தி. பிறகு சிறுநீர் வரவில்லை. சளிக்கு மருந்து குடித்த குழந்தைக்குச் சிறுநீரகம் ஏன் நிற்க வேண்டும் என்று பெற்றவர்களுக்கு விளங்கவில்லை. நாகபுரி மருத்துவமனைகளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் திரும்பி வரவில்லை. பெரும்பாலானவை ஐந்து வயதைத் தாண்டாத குழந்தைகள்.

மருந்து என்று தாய் தன் கையாலே ஊட்டினாள். ஊட்டியது நஞ்சு.

அந்த நஞ்சின் பெயர் டைஎத்திலீன் கிளைகால். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அம்பத்தூரிலும் பாடியிலும் மோட்டார்ப் பாகத் தொழிலிலே இருக்கும் தோழர்களுக்கு இது அந்நியமான சரக்கு அல்ல. பிரேக் எண்ணெயிலே சேரும். பிசினிலே, சாயத்திலே சேரும். பார்த்தால் தண்ணீர்போலத் தெளிவு. நாக்கிலே இட்டால் இனிப்பு. இந்த இனிப்புதான் எமன்! சிரப்பிலே மருந்துத் தூளைக் கரைக்க புரோப்பிலீன் கிளைகால் என்ற திரவத்தைச் சேர்ப்பார்கள். அது மருந்துத் தரத்திலே வாங்கப்பட வேண்டும், விலை கூடுதல். ஆலைத் தரத்திலே வாங்கினால் விலை மலிவு; ஆனால் அதிலே இந்த நஞ்சு கலந்திருக்கலாம், சில வேளை புரோப்பிலீன் கிளைகால் என்ற பெயரிலே நஞ்சே வரலாம். கண்ணாலே பிரித்தறிய முடியாது. சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். சோதிக்கவேண்டும் என்றுதான் விதியும் சொல்கிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 0.1 வரைதான் பொறுக்கப்படும் அளவு. கோல்ட்ரிஃப் சிரப்பின் எஸ்.ஆர். 13 என்ற தொகுப்பிலே எவ்வளவு இருந்தது? நூற்றுக்கு 48.6! மருந்திலே நஞ்சு கலந்துவிட்டது என்பதா, நஞ்சிலே கொஞ்சம் மருந்து கலந்திருந்தது என்பதா?

இதைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? நமது தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைதான். மத்தியப் பிரதேசத்திலிருந்து செய்தி வந்தது அக்டோபர் 1-ஆம் தேதி. அன்று ஆயுதபூசை, நாடெங்கும் இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் பூசி, பூசணிக்காயை நடுத்தெருவிலே உடைக்கும் நாள். மறுநாளும் விடுமுறை. நமது ஆய்வாளர்கள் விடுமுறை பார்க்கவில்லை. ஆலைக்குள் சென்றார்கள், மாதிரி எடுத்தார்கள், சென்னை அரசு ஆய்வுக்கூடம் ஒரு நாளிலே முடிவைச் சொல்லிற்று. விற்பனைக்குத் தடை வந்தது. பிற மாநிலங்களுக்கு எச்சரிக்கை போயிற்று. ஆலையிலே கண்ட குறைகளின் கணக்கையும் எழுதினார்கள்: மிகக் கடுமையானவை 39, பெரியவை 325.

பெருமைப்பட வேண்டிய செயல். பெருமைப்படுகிறோம். ஆனால், தோழர்களே, பெருமை பேசி முடித்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. ஒரே நாளிலே 364 குறைகளைக் காணமுடிந்தது என்றால், அந்த 364 குறைகளும் அந்த ஒரே நாளிலா முளைத்தன? அழுக்கும் அலட்சியமும் ஆண்டுக்கணக்கிலே ஆலைக்குள் குடியிருந்திருக்கும்போது, கதவைத் திறந்து பார்க்கவேண்டியவர் எங்கே போனார்? ஒரு நாளிலே கண்டுபிடிக்கக் கூடிய நஞ்சை, குழந்தைகளின் பிணத்தைப் பார்த்த பிறகுதான் கண்டுபிடிக்கவேண்டுமா? ஆய்வுக்கூடம் சென்னையிலே இருக்கிறது. ஆனால் ஆய்வு நடந்தது பராசியாவிலே, ஏழை வீட்டுக் குழந்தையின் வயிற்றிலே!

இங்கே நம் கழகத் தோழர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். "மத்திய அரசு என்ன செய்தது என்று கேளுங்கள், நம் அரசையா கேட்பது?" என்பார்கள். மத்திய அரசையும் கேட்கத்தான் போகிறோம். ஆனால் முதலில் நம் வீட்டுக் கூரையைப் பார்ப்போம். ஒழுகுகிறது.

2024 டிசம்பரிலே சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை ஒன்று, மருந்து ஆய்வாளர்கள் செய்யவேண்டிய சோதனைகளிலே 2016-17-ல் நூற்றுக்கு 34 பங்கும், 2020-21-ல் நூற்றுக்கு 40 பங்கும் நடக்கவேயில்லை என்று எழுதியிருக்கிறது. அந்த ஆண்டுகளில் கோட்டையிலே அமர்ந்திருந்தவர்கள் யார் என்று விரல் நீட்டுவது எளிது. நீட்டலாம், தவறில்லை. ஆனால் 2021 மே மாதத்திலிருந்து 2025 அக்டோபர் வரை அமர்ந்திருந்தவர்கள் நம்மவர்கள் அல்லவா? அந்த நான்கரை ஆண்டுகளிலே அந்தச் சுங்குவார்சத்திரத்துக் கதவு முறையாகத் தட்டப்பட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. அக்டோபரிலே இரண்டு மூத்த மருந்து ஆய்வாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். சரி. அவர்களுக்கு மேலே யாரும் இல்லையா? ஆய்வு நடக்கவில்லை என்பதை ஆய்வு செய்யவேண்டியவருக்கு என்ன தண்டனை?

எதிரி கேட்பதற்கு முன் நாமே கேட்டுவிடுவோம் என்பதற்காக இதை எழுதவில்லை. 'மருத்துவத்திலே முதல் மாநிலம்' என்று ஆவடி மேடையிலும் அம்பத்தூர் மேடையிலும் தொண்டை கிழியப் பேசியவர்கள் நாம். பேசிய வாய்க்கு இதைக் கேட்கும் கடமையும் உண்டு.

இனி டில்லிக்கு வருவோம். அரசியல் சட்டத்திலே மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் பொதுவான பட்டியல் ஒன்று உண்டு. அதிலே 19-வது இனம் என்ன தெரியுமா? "மருந்துகளும் நஞ்சுகளும்". எழுதியவர்கள் என்ன நினைத்து எழுதினார்களோ, இரண்டையும் ஒரே வரியிலே உட்காரவைத்துவிட்டார்கள்! பொதுப் பட்டியல் என்றால் இருவருக்கும் உரிமை என்று பொருள். நடைமுறையிலோ, பழி வரும்போது இருவருக்கும் உரிமையில்லை என்று பொருளாகிவிட்டது. சட்டமும் விதியும் டில்லியிலே இயற்றப்படும். உரிமமும் சோதனையும் மாநிலத்திலே நடக்கும். குழந்தைகள் இறந்ததும், "தமிழ்நாடு சரியாகப் பார்க்கவில்லை" என்றது டில்லி. "எங்களைக் குறை சொல்லும் நீங்கள் என்ன பார்த்தீர்கள்?" என்றது சென்னை. "எல்லையிலே புகுந்த சிரப்பை ஏன் தடுக்கவில்லை?" என்று போபாலைக் கேட்டார்கள். பந்து மூன்று பக்கமும் உருண்டது. புதைகுழிக்குள் கிடக்கும் பிள்ளைக்கு எந்தப் பக்கத்துக் கோல் என்றால் என்ன?

டில்லியைப் பற்றி ஒன்றே ஒன்றைச் சொன்னால் போதும். 2022-ல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டிலே சுமார் எழுபது குழந்தைகள் இறந்தன. அரியானாவிலே தயாரான சிரப்புகளில் இதே நஞ்சு இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் எச்சரித்தது. அதே ஆண்டு இறுதியிலே உஸ்பெகிஸ்தானிலும் இந்தியச் சிரப்பைக் குடித்த குழந்தைகள் மடிந்தன. உலகச் சந்தையிலே பெயர் கெட்டதும் டில்லி துள்ளி எழுந்தது. 2023 சூன் 1 முதல், வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் இருமல் மருந்து ஒவ்வொன்றும் அரசு ஆய்வுக்கூடத்திலே சோதிக்கப்பட்டுச் சான்று பெற்ற பிறகே கப்பலேறலாம் என்று ஆணை பிறந்தது. நல்ல ஆணை. ஆனால் அது யாருக்காக? கப்பலேறும் புட்டிக்கு! லாரியேறி உள்நாட்டிலே பராசியாவுக்குப் போகும் புட்டிக்கு அந்த ஆணை இல்லை. அயல்நாட்டான் பிள்ளைக்குச் சோதித்த மருந்து; நம் நாட்டுப் பாட்டாளி பிள்ளைக்குச் சோதிக்காத மருந்து. 1955-ல் இதே ஆவடியிலே பந்தல் போட்டு, 'சோசலிச பாணி சமுதாயம்' என்று காங்கிரசார் தீர்மானம் போட்டார்களே, அந்தப் பாணியிலே தொடங்கிய நடை எந்தக் கட்சி டில்லியிலே வந்தாலும் மாறக் காணோம்.

இது புதிதாக முளைத்த நஞ்சும் அல்ல. 1937-ல் அமெரிக்காவிலே மாசெங்கில் என்ற கம்பெனி, சல்ஃபா மருந்தை இதே டைஎத்திலீன் கிளைகாலிலே கரைத்து விற்றது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், பலர் குழந்தைகள். அரசு ஆய்வாளர்கள் ஊர் ஊராக, கடை கடையாக, வீடு வீடாக அலைந்து, விற்ற புட்டிகளைத் தேடிப் பறித்தார்கள். பிறகு வழக்கு. அன்றைய சட்டத்திலே, மருந்தை விற்கும் முன் ஆபத்தில்லாததா என்று சோதிக்கவேண்டும் என்ற விதியே இல்லை! கடைசியிலே எந்தக் குற்றத்துக்காகத் தண்டித்தார்கள்? 'எலிக்சர்' என்று பெயர் வைத்தால் அதிலே சாராயம் இருக்கவேண்டும். இதிலே சாராயம் இல்லை. ஆகவே பெயர் தவறு என்ற குற்றத்துக்காக 26,100 டாலர் அபராதம்! நூறு உயிர் போனதற்குச் சட்டத்திலே இடமில்லை. பெயர் பொய்த்ததற்கு இடமிருந்தது. அந்த வெட்கம் தாங்காமல்தான் அந்த நாடு மறு ஆண்டே, 1938-ல், புதுச் சட்டம் இயற்றிற்று. அந்த மருந்தைக் கூட்டிய வேதியியலார் தற்கொலை செய்துகொண்டார்.

நம் நாட்டிலே? சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையிலேயே 1970-களின் தொடக்கத்தில் இதே நஞ்சால் குழந்தைகள் இறந்தன. 1986-ல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையிலே நஞ்சு கலந்த கிளிசரினால் 14 நோயாளிகள் மாண்டார்கள். நீதிபதி லெண்டின் ஆணையம் விசாரித்தது. 1998-ல் டில்லியை அடுத்த குர்கானிலே குழந்தைகள். 2020-ல் சம்முவின் ராம்நகரிலே குழந்தைகள். ராம்நகர்ப் பெற்றோருக்குக் குழந்தை ஒன்றுக்கு 3 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று மனித உரிமை ஆணையம் சொன்னது; சொன்னது கம்பெனிக்கு அல்ல, அரசுக்கு. லாபம் முதலாளிக்கு, அபராதம் மக்கள் வரிப்பணத்துக்கு. இது என்ன கணக்கோ!

'சட்டம் இல்லை' என்று இனி யாரும் சொல்லமுடியாது. 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டத்தின் 27-வது பிரிவு, 2008-ல் திருத்தப்பட்ட பிறகு கடுமையானது: கலப்பட மருந்தோ போலி மருந்தோ உயிரைக் குடித்தால் குறைந்தது 10 ஆண்டு சிறை, ஆயுள் வரையும் போகலாம், அபராதம் 10 லட்சத்துக்குக் குறையக்கூடாது, அந்த அபராதம் பாதிக்கப்பட்டவரின் குடும்பத்துக்கே இழப்பீடாகப் போகவேண்டும். படித்தால் நெஞ்சு நிமிரும் சட்டம்! ஆனால் அதே பிரிவிலே கீழே ஒரு சிறு வாசல் உண்டு. தரம் குறைந்த மருந்து என்ற அளவிலே குற்றம் நின்றால் 'டி' உட்பிரிவு. 2023-ல் 'சன விசுவாஸ்' என்று வடமொழிப் பெயர் சூட்டிக் கொண்டுவந்த சட்டத்திலே, அந்த உட்பிரிவுக் குற்றத்தைப் பணம் கட்டிச் சமரசம் செய்துகொள்ளலாம் என்று ஆக்கிவிட்டார்கள். சாவு நேர்ந்த வழக்குக்கு அந்தச் சலுகை இல்லை என்பது உண்மைதான். ஆனால், சாவு எப்படி நேர்கிறது? இன்று தரக்குறைவு, நாளை கலப்படம், மறுநாள் சாவு. முதற்படியிலேயே கையைப் பிடித்துத் தடுக்கவேண்டிய சட்டம், 'காசைக் கட்டு, போ' என்று கையை விட்டால், மூன்றாம் படியிலே ஆயுள் தண்டனை என்று மிரட்டி யாருக்கு என்ன பயன்?

பராசியாவிலே முதலில் கைதானவர் யார்? மருந்தை எழுதிக் கொடுத்த மருத்துவர். அக்டோபர் 9-ஆம் தேதிதான் ஆலையின் உரிமையாளர் சென்னையிலே பிடிபட்டார். 13-ஆம் தேதி உரிமம் ரத்தாயிற்று. வழக்கைப் பற்றித் தீர்ப்பு எழுதுவது நீதிமன்றத்தின் வேலை, நமதல்ல. மருத்துவர்மீது கேட்கவேண்டிய கேள்வியும் உண்டு: இந்தக் கூட்டு மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி எழுதியிருந்தார். அதைப் புட்டியிலே அச்சிடவும் சொல்லியிருந்தார். அச்சிட்டார்களா, அச்சிட்டதைப் படித்தார்களா என்பது விசாரணைக்குரியது. ஆனால் புட்டிக்குள் பிரேக் எண்ணெய்ச் சரக்கு இருப்பதை எந்த மருத்துவரும் முகர்ந்து பார்த்துச் சொல்லமுடியாது. எழுதிய கையை முதலில் பிடித்தார்கள். காய்ச்சிய கையைப் பிறகு பிடித்தார்கள். கையெழுத்திட்டு உரிமத்தைப் புதுப்பித்த கைகளைப் பற்றி நாம் கேட்டால்தான் பேச்சு எழும்.

வழியே இல்லையா? இருக்கிறது, நம் நாட்டிலேயே, நம் கண்முன்னேயே இருக்கிறது. 1994-ல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்குகிறது. வாங்கிய மருந்தின் ஒவ்வொரு தொகுப்பிலும் மாதிரி எடுத்து, கம்பெனியின் பெயரை மறைத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, தேறிய பிறகே பூந்தமல்லி அரசு மருத்துவமனைக்கும் ஆவடி அரசு மருத்துவமனைக்கும் அனுப்புகிறது. வெளிமாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துப்போன முறை இது. இலவச மருந்து என்று ஏளனம் செய்வோர் கவனிக்கவேண்டும்: இலவச மருந்து சோதித்த மருந்து! காசு கொடுத்துக் கடையிலே வாங்குகிற மருந்துக்கு அந்தக் காவல் இல்லை. அரசு தான் வாங்கும்போது இத்தனை விழிப்பாக இருக்கிறது. மக்கள் வாங்கும்போது மட்டும் ஏன் கண் அயர்கிறது?

அக்டோபருக்குப் பிறகு ஒரு மாலை, திருமுல்லைவாயிலில் தெருமுனைக் கூட்டம். மாநில உரிமை பற்றி முழங்கி முடித்து இறங்கினோம். அம்பத்தூரிலே லேத் ஓட்டும் தோழர் ஒருவர் ஓரமாக வந்தார். மடியிலிருந்து ஒரு சிரப் புட்டியை எடுத்தார். "அண்ணே, போன வாரம் எம் பிள்ளைக்கு வாங்கினது. பாதி குடுத்துட்டோம். இது நல்லதா கெட்டதான்னு எப்படிண்ணே தெரிஞ்சிக்கிறது?" என்றார். வேறு கம்பெனிப் புட்டி. விளக்கு வெளிச்சத்திலே திருப்பித் திருப்பிப் பார்த்தோம். எறும்பு ஊர்ந்ததுபோல எழுத்து. ஒரு மணி நேரம் முழங்கிய நாவு ஒட்டிக்கொண்டது. "பில் இருக்கா?" என்று கேட்டோம். "மெடிக்கல்ல பில்லெல்லாம் எங்கண்ணே குடுக்கறாங்க? நாமும் கேக்கறதில்ல" என்றார்.

அன்றிரவு சட்டப் புத்தகத்தைப் புரட்டினோம். அதே 1940-ஆம் ஆண்டுச் சட்டத்திலே 26-வது பிரிவு இருக்கிறது. யார் வேண்டுமானாலும், தாம் வாங்கிய மருந்தை, குறித்த கட்டணத்தைச் செலுத்தி, அரசு மருந்துப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லலாம். அவர் கையெழுத்திட்ட அறிக்கையைப் பெறலாம். வழக்கறிஞர் வேண்டாம், அமைச்சர் சிபாரிசு வேண்டாம். 32-வது பிரிவின்படி பாதிக்கப்பட்டவரே வழக்கும் தொடுக்கலாம். எத்தனை ஆண்டுகளாகக் கூட்டம் போடுகிறோம். இந்தப் பிரிவை ஒரு மேடையிலாவது சொன்னோமா? சொல்லவில்லை. அதுவும் நம் குற்றம்தான்.

ஆனால் அதற்குப் பில் வேண்டும். எந்தக் கடை, எந்தக் கம்பெனி, எந்தத் தொகுப்பு எண், எந்தத் தேதி என்று எழுதிய பில் இல்லையேல், நாளைக்கு எது நடந்தாலும், 'எங்கள் கடையிலே வாங்கவேயில்லை' என்று ஒரே சொல்லிலே கதவைச் சாத்திவிடுவார்கள். ஆகவே கிளைத் தோழர்களிடம் ஒன்று சொல்லிவைத்தோம். கடைக்காரரோடு சண்டை வேண்டாம். அவரும் சிறு வியாபாரிதான். ஆனால் பில் வாங்காமல் படியிறங்கவும் வேண்டாம். மருத்துவரின் சீட்டு இல்லாமல், 'அண்ணாச்சி, சளிக்கு ஏதாவது குடுங்க' என்று கேட்கும் பழக்கத்தையும் விடவேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருமல் மருந்தே பெரும்பாலும் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறையே 2025 அக்டோபரிலே அறிவித்திருக்கிறது. அதையும் தாய்மார்களிடம் சொல்லுங்கள் என்றோம்.

மறுவாரம் அந்த லேத் தோழர் மன்றத்துக்கு வந்தார். பிள்ளை நலம். காய்ச்சல் மாத்திரை வாங்கப் போயிருக்கிறார், பில் கேட்டிருக்கிறார். "பத்து ரூபா மாத்திரைக்குப் பில்லா?" என்று கடைக்காரர் சிரித்தாராம். இவர் நகரவில்லையாம். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்களாம். கால் மணி நேரம் கழித்து, ஏதோ முனகிக்கொண்டே, கம்பெனிப் பெயரும் தொகுப்பு எண்ணும் தேதியும் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தத் துண்டுத் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, மடிப்பை நீவி, மன்றத்து மேசைமேல் வைத்தார். "அண்ணே, எனக்குப் பின்னாடி நின்னவரும் பில் கேட்டாரு" என்றார்.